எத்திலீனுக்கு வேலை கொடுத்தவர்கள்

பழத்துக்குள் எத்திலீன் பார்க்கும் வேலை ஒன்றே ஒன்றுதான். விதை முற்றிவிட்டது, இனிக் காவல் வேண்டாம் என்று காய்க்குத் தெரிவிப்பது. இரண்டு கரி அணு, நான்கு ஹைட்ரஜன் அணு. நிறம் கிடையாது. லேசான இனிப்பு வாசம் உண்டு. மெத்தியோனின் என்ற சாதாரண அமினோ அமிலத்திலிருந்து ஒரு சில படிகளில் செடியே இதைச் செய்துகொள்கிறது. காற்றில் பத்து லட்சம் பங்குக்கு ஒரு பங்கு இருந்தாலே முற்றிய மாங்காய்க்குச் சேதி எட்டிவிடும். எட்டியதும் அந்தக் காய் தானும் எத்திலீன் விடத் தொடங்கும்; பக்கத்துக் காய்க்கும் தெரிந்துவிடும். மாவுச்சத்து சர்க்கரையாகும். தோலின் பச்சையம் கலையும். செல்சுவரை இறுக்கிப் பிடித்திருந்த பெக்டின் இளகும். புளிப்பு இறங்கும், வாசம் ஏறும். அத்தனையும் ஒன்றையொன்று அனுசரித்து, ஒரு வாரத்துக்குள், யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் நடந்து முடியும்.

இவ்வளவு திறமையுள்ள ஒன்றை மரத்தோடு விட்டுவிடாமல் தேடிப் பிடித்து, வேலைக்கு மேல் வேலை கொடுத்து, உலகில் மிக அதிகமாகத் தயாரிக்கப்படும் கரிம வேதிப்பொருள் என்ற இடத்துக்கு உயர்த்தியவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பாராட்டியே ஆக வேண்டும். இங்கே சொல்லப்போகும் ஒவ்வொன்றும் அவர்கள் செய்ததுதான், ஒன்றிலும் மிகையில்லை.

முன்பெல்லாம் மாங்காயை வைக்கோலில் புதைப்பார்கள், அரிசிப் பானைக்குள் வைப்பார்கள். வாழைத்தாரைக் குழியில் இறக்கி மூட்டம் போடுவார்கள். வைக்கோலும் பானையும் செய்ததெல்லாம், காய் விட்ட எத்திலீனைத் தப்பவிடாமல் அதைச் சுற்றியே நிறுத்தியதுதான். மூட்டத்துப் புகையில் எத்திலீன் தனியாகவே உண்டு. அமெரிக்காவில் எலுமிச்சைக்கு மஞ்சள் நிறம் ஏற்றக் கிடங்குகளில் மண்ணெண்ணெய் அடுப்பு மூட்டி வைத்தார்கள். சூடுதான் வேலை செய்கிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தபோது, புகையில் இருக்கும் எத்திலீன்தான் காரணம் என்று 1924-இல் டென்னி என்ற ஆய்வாளர் காட்டினார். ஆப்பிள் பழமே இந்த வாயுவைத் தயாரிக்கிறது என்று 1934-இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேன் நிறுவினார். 

பானையிலும் மூட்டத்திலும் ஒரு சங்கடம் இருந்தது. காய் முற்றியிருந்தால்தான் பழுக்கும். முற்றாததைப் பறித்து வைத்தால் தோல் சுருங்கி வெம்பிப்போகும். வெம்பலை யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். பூ வைக்கும்போதே தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவருக்கு இது எவ்வளவு பெரிய நெருக்கடி! சித்திரை பிறக்கும்போதே சந்தைக்கு வந்துவிடும் மாம்பழத்துக்கு உள்ள விலை, ஆனியில் லாரி லாரியாக வந்து குவியும்போது இருக்காது. மரமோ யாருக்கும் விட்டுக்கொடுக்காது. இந்த இடத்தில்தான் வியாபாரத்தின் கெட்டிக்காரத்தனம் மரத்தைத் தாண்டிப் போனது.

கால்சியம் கார்பைட். மண்டியில் அதைக் கல் என்றால் போதும். சாம்பல் நிறத்தில் ஜல்லித் துண்டு போல இருக்கும். பட்டறைகளில் வெல்டிங்குக்கு வாயு தருகிற அதே கல்தான். அதைச் சின்னத் துண்டுகளாக உடைத்துச் செய்தித்தாளில் மடித்துப் பொட்டலம் கட்டுகிறார்கள். கிரேட்டின் அடியில் ஒரு பொட்டலம். மேலே காய்களை அடுக்கி, நடுவில் இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேல் சாக்கோ தார்ப்பாயோ போட்டு மூடிவிடுகிறார்கள். காயின் தோலில் வேர்க்கும் ஈரம் காகிதத்தை நனைத்துக் கல்லைத் தொடும். அசிட்டிலீன் கிளம்பும். எத்திலீனுக்கு நெருங்கிய உறவுதான். ஆனால் இந்த வேலையில் அதைவிடப் பல மடங்கு பலம் குறைந்தது. குடோன் கதவைத் திறந்ததும் பூண்டு வாடை முகத்தில் அடிக்கும். அது அசிட்டிலீனின் வாடை அல்ல. கல்லில் கலந்திருக்கும் பாஸ்பரஸ், பாஸ்பீன் என்ற நச்சு வாயுவாகி வரும் வாடை. ஆர்சனிக்கும் கொஞ்சம் அதில் இருக்கும்.

ஓரிரு நாளில் சாக்கை விலக்கினால் காம்பிலிருந்து நுனிவரை ஒரே மஞ்சள். மரத்தில் முற்றிய பழத்தால் இந்த அழகைக் காட்ட முடியாது. அது வெயில் பட்ட பக்கம் சிவந்து, காம்படியில் கொஞ்சம் பச்சை நின்று, அங்கங்கே புள்ளி விழுந்து கிடக்கும். கல் வைத்த பழத்தை அறுத்துப் பார்த்தால் கொட்டையை ஒட்டி வெள்ளையாக இருக்கும். வாயில் வைத்தால் புளிக்கும். மூக்குக்கு ஒன்றும் வராது. சேதி தோலோடு நின்றுவிட்டது. மாவுச்சத்துக்குப் போய்ச் சேரவில்லை. கடைக்கு வருகிறவர் கண்ணால் பார்ப்பது தோலை மட்டும்தான் என்று கணக்குப் போட்டு, சரியாக அந்தக் கனத்துக்கு மட்டும் பழுக்க வைக்கிறார்களே, அந்தச் சிக்கனத்துக்கு ஈடு கிடையாது. ஒரு துளிகூட வீணாக்கவில்லை.

சட்டமும் தன் பங்குக்குச் சளைக்கவில்லை. 2011-இன் உணவுப் பாதுகாப்பு விதிகள் கார்பைட் வைத்துப் பழுத்த பழத்தை விற்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கின்றன. 2016-இல் மாற்று வழியும் காட்டினார்கள்: மூடிய அறையில், பத்து லட்சம் பங்குக்கு நூறு பங்கு வரை எத்திலீன் வாயுவையே விட்டுப் பழுக்க வைக்கலாம். முற்றிய காய்க்கு இது நேர்மையான வழி. பழம் தானாகச் செய்வதைத்தான் அறையும் செய்கிறது, உள்ளும் புறமும் ஒருசேரப் பழுக்கும். ஆனால் அதற்கு அறை வேண்டும், குளிரூட்டி வேண்டும், முற்றிய காய் வேண்டும். கல்லுக்கு ஒரு பழைய செய்தித்தாள் போதும். ஆகவே ஒவ்வொரு மாம்பழப் பருவத்திலும் அதிகாரிகள் கோயம்பேட்டிலும் மற்ற மண்டிகளிலும் சோதனை போட்டு, டன் கணக்கில் பழத்தைப் பறிமுதல் செய்து அழிக்கிறார்கள். படம் பத்திரிகையில் வருகிறது. மழை பருவம் தவறினாலும் இது தவறுவதில்லை. மறுவருடமும் கல் வருகிறது, சோதனை வருகிறது, படம் வருகிறது. இவ்வளவு ஒழுங்காக நடக்கும் இன்னொரு அரசுப் பணியைக் காட்டுவது கடினம்.

மரத்திடமிருந்து இந்த வாயுவை வாங்குவதென்றால் ஒரு தொழிற்சாலையும் ஒரு நாள்கூட ஓடாது. பழம் விடுவது அவ்வளவு அற்பம். எனவே நாப்தாவையோ ஈத்தேனையோ நீராவியோடு கலந்து, ஏறக்குறைய 850 டிகிரி சூட்டில் குழாய்களுக்குள் செலுத்துகிறார்கள். ஒரு வினாடிகூட முழுதாக ஆவதற்குள் பெரிய மூலக்கூறுகள் உடைந்து எத்திலீன் பிறக்கிறது. உடனே குளிர்விக்காவிட்டால் அதுவும் கரியாகிவிடும். பிறகு சுழியத்துக்குக் கீழே நூறு டிகிரி வரை குளிரவைத்து மற்ற வாயுக்களிலிருந்து பிரிக்கிறார்கள். அடுப்பும் பனிக்கட்டியும் ஒரே வேலிக்குள்! வதோதரா, ஹசீரா, ஹால்தியா, ஜாம்நகர் என்று நம் நாட்டிலும் இந்த ஆலைகள் இருக்கின்றன. உலகம் முழுதும் ஆண்டுக்குப் பதினைந்து கோடி டன்னுக்கு மேல். எந்தத் தோப்பும் செய்ய நினைக்காத அளவு இது. கூடவே வானத்துக்குப் போகும் கரியமில வாயுவின் அளவிலும் இந்த ஆலைகள் கஞ்சத்தனம் காட்டியதில்லை.

கையில் கிடைத்த இந்த வாயுவுக்கு என்னென்ன வேலைகள் கொடுத்தார்கள் என்பதைப் பார்த்தால், மனிதனின் கற்பனைக்கு எல்லை இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும்.

1917 ஜூலையில் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் ஜெர்மன் குண்டுகளிலிருந்து ஒரு எண்ணெய் சிதறியது. இதற்கும் பூண்டு, கடுகு வாடைதான். சாயம் காய்ச்சிய தொழிற்சாலைகளே எத்திலீனிலிருந்து படிப்படியாக அதைச் செய்து கொடுத்தன. எதிர்த் தரப்பும் பின்தங்கவில்லை, எத்திலீனைக் கந்தகக் குளோரைடுக்குள் நேராகவே ஊதிச் செய்துகாட்டியது. தோலில் பட்ட உடனே வலிக்காது. சில மணி நேரம் கழித்துத்தான் கொப்புளம் கிளம்பும், கண் மூடிக்கொள்ளும், நுரையீரல் புண்ணாகும். பட்டவனுக்குப் பதற்றம் வேண்டாம் என்று இப்படி அவகாசம் தரும் ஆயுதம் வேறு இல்லை. பிறகு பிரிட்டிஷ் ராணுவ விஞ்ஞானிகள் ராவல்பிண்டியில் இந்தியச் சிப்பாய்கள்மேல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இந்தியத் தோலும் ஆங்கிலேயத் தோலும் ஒரேபோல வேகுமா என்று அறிய அவர்களுக்கு இருந்த அக்கறையை, அந்த ஆட்சியின் வேறு எந்தத் துறையிலும் காண முடியாது.

1920-களில் அமெரிக்காவில் என்ஜின் தட்டும் ஓசையை நிறுத்த பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்தார்கள். ஓசை நின்றது, ஆனால் ஈயம் என்ஜினுக்குள் படிந்து வால்வைக் கெடுத்தது. எத்திலீனோடு புரோமின் சேர்த்துச் செய்த டைப்ரோமைடைக் கூடவே கலந்தார்கள். ஈயம் என்ஜினில் தங்காமல் புகையோடு தெருவுக்குப் போய்விட்டது. என்ஜின்மேல் அவ்வளவு பரிவு! தெருவில் யார் இருந்தார்கள், மூச்சு விட்டார்களா என்பது என்ஜின் சம்பந்தப்பட்ட கேள்வி அல்ல. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்பது தெரிந்த பிறகும், இந்தியா 2000 வரையிலும் அல்ஜீரியா 2021 வரையிலும் இந்தப் பரிவைக் கைவிடவில்லை.

பிவிசி குழாயைச் சொல்லாமல் விட முடியாது. எத்திலீனையும் குளோரினையும் சேர்த்துச் செய்யும் வினைல் குளோரைடு என்ற வாயுதான் அதற்கு மூலம். குழாய் நல்ல குழாய். கிணற்றிலிருந்து வயலுக்கும், தெருவிலிருந்து வீட்டுக்கும் தண்ணீர் கொண்டுவருகிறது. அதைச் செய்த தொட்டிகளின் உட்சுவரில் படியும் பக்கை, தொழிலாளர்கள் உள்ளே இறங்கிக் கையால் சுரண்டினார்கள். அமெரிக்காவில் அப்போது அவர்கள் சுவாசிக்க அனுமதித்த அளவு பத்து லட்சத்துக்கு 500 பங்கு. 1974 ஜனவரியில் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரின் ஒரே ஆலையில் வேலை செய்த சிலர் கல்லீரல் ஆஞ்சியோசர்கோமாவில் இறந்தது வெளியே வந்தது. பெரும்பாலான மருத்துவர்கள் வாழ்நாளில் ஒரு நோயாளியைக்கூடப் பார்க்காத அரிய புற்றுநோய் அது. இத்தாலியின் போலோனியாவில் செசாரே மால்டோனி இதே புற்றுநோயை எலிகளில் அதற்கு முன்பே கண்டிருந்தார். ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனங்களுக்கு முடிவு தெரியும். வெளியே விடுவதில்லை என்று தங்களுக்குள் பேசிக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். போட்டிக் கம்பெனிகள் இவ்வளவு ஒற்றுமையாக ஒரு வாக்கைக் காப்பது அபூர்வம். செய்தி வெளியான பிறகு அளவு 500-லிருந்து 1-க்கு வந்தது. தொழில் அழிந்துவிடும் என்றார்கள், அழியவில்லை, வளர்ந்தது. முன்பே குறைத்திருந்தாலும் வளர்ந்திருக்கும் என்பதை அவர்களே நிரூபித்துக் காட்டிவிட்டார்கள்.

எத்திலீன் ஆக்சைடு இன்னொரு நல்ல உழைப்பாளி. சூடு தாங்காத ஊசிக் குழாய், கதீட்டர், இதய வால்வு எல்லாவற்றையும் உறைக்குள் இருக்கும்போதே ஊடுருவிக் கிருமி நீக்கும். கிருமியின் மரபுப்பொருளில் போய் ஒட்டிக்கொண்டு அதைச் செயலற்றதாக்கும். அருகில் நிற்கும் மனிதனின் மரபுப்பொருளிலும் அதே மாதிரி ஒட்டிக்கொள்ளும். உயர்வு தாழ்வு பார்க்காத குணம். மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியானவற்றின் பட்டியலில் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை 1994-லேயே சேர்த்துவிட்டது. எள் மூட்டையிலும் மசாலாப் பொடியிலும் இதைப் பயன்படுத்தும் தாராளம் நம்மவர்களுக்கு இருந்தது. 2020-இல் இந்தியாவிலிருந்து போன எள்ளில் இதன் எச்சத்தைக் கண்டு ஐரோப்பா திருப்பி அனுப்பத் தொடங்கியது. 2024-இல் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் சில மசாலாப் பொடிகளைக் கடையிலிருந்து இறக்கின. எள்ளுருண்டை தின்கிற வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லாத சேதியை எள் வாங்கிய அயல்நாட்டான் சொன்னான்.

இனி, எல்லோருக்கும் தெரிந்த பெரிய பதவிக்கு வருவோம். 1933 மார்ச்சில் இங்கிலாந்தின் வின்னிங்டனில் கிப்சன், ஃபாசெட் என்ற இரண்டு வேதியியலாளர்கள் எத்திலீனைப் பென்சால்டிஹைடோடு சேர்த்து மிகப் பெரிய அழுத்தத்தில் வைத்தார்கள். எதிர்பார்த்தது வரவில்லை, கலத்தின் உள்ளே மெழுகு மாதிரி வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. எத்திலீன் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நின்ற சங்கிலி அது: பாலிஎத்திலீன். போர்க்காலத்தில் ரேடார் கம்பிகளுக்கு உறையாகி அது செய்த சேவை பெரியது. 1953-இல் ஜெர்மனியின் கார்ல் சீக்லர் அவ்வளவு அழுத்தம் இல்லாமலே செய்யும் வழி கண்டார். 1963-இல் நோபல் பரிசு. 1960-களில் ஸ்வீடனின் ஸ்டென் குஸ்தாஃப் துலின் ஒரு குழல் தாளை மடித்து, வெட்டி, ஒட்டிக் கைப்பிடி வைத்த பையாக்கினார். ஐந்தாறு கிராம் எடை. ஐந்தாறு கிலோ தூக்கும். இது உண்மையான சாதனை, இதில் மறுபேச்சில்லை.

அந்த உறுதியை நாம் எதற்குப் பயன்படுத்தினோம் என்பதில்தான் நம் பெருமை விளங்குகிறது. ஓட்டலில் கொதிக்கும் சாம்பாரைக் கைப்பிடியில்லாத சின்னப் பையில் ஊற்றி, வாயைச் சுழற்றி, நூலைக் கண் இமைக்கும் நேரத்தில் சுற்றி முடிச்சுப் போடுவார்கள். அதைச் சட்னிப் பொட்டலத்தோடு இன்னொரு பையில் போட்டுத் தருவார்கள். வீடு போய்ச் சேரப் பத்து நிமிடம். பையின் ஓரத்தைப் பல்லால் கடித்துச் சாம்பாரைக் கிண்ணத்தில் ஊற்றியதும் அதன் ஊழியம் முடிந்தது. மீதி வாழ்க்கை குப்பையில். அங்கே அது தன் குணத்தை விடுவதில்லை. கரியும் கரியும் ஒற்றைப் பிணைப்பில் கோத்த சங்கிலியில் மண்ணின் நுண்ணுயிர் பல் வைக்க இடமே கிடையாது. வெயில் பட்டால் நொறுங்கும். நொறுங்கியதும் துணுக்காகத் தொடரும். 2022-இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் 22 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 17 பேரிடம் பிளாஸ்டிக் துகள் இருந்தது. பத்து நிமிட வேலைக்கு இவ்வளவு விசுவாசமான ஆளை வைத்த முதலாளி வரலாற்றில் வேறு எவரும் இல்லை.

மாடுகள் இதை நம்மைவிட நன்றாக அறியும். பையின் வாயில் முடிச்சு இருந்தால் உள்ளே இருக்கும் மிச்சத்தை மட்டும் தின்ன மாட்டுக்குத் தெரியாது, பையோடு விழுங்கும். அசைபோடும் பெரிய இரைப்பையில் பை சேரும். செரிக்காது, அடுத்த அறைக்கும் போகாது. ஒன்றோடொன்று சுற்றிக் கயிறு போல முறுக்கிக்கொள்ளும். வயிறு நிறைந்தே இருப்பதால் மாடு தீனி தின்னாது. வயிறு உப்பியிருக்கும், உடம்பு மெலியும். 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவர்கள் ஒரு பசுவின் வயிற்றைத் திறந்து மணிக்கணக்கில் கையை விட்டு வாரி எடுத்தார்கள். 52 கிலோ. அந்தப் பசு நின்று தாங்கிக்கொண்டிருந்தது அவ்வளவு. அதே ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் 14-க்குத் தடை அமலில் இருந்தது. நல்ல ஆணை. 2021 டிசம்பரில் மஞ்சப்பையை மீட்டெடுக்கும் இயக்கமும் வந்தது; அதுவும் நல்ல இயக்கம். தடைக்கும் இயக்கத்துக்கும் மரியாதை குறையாமல், மீன் கடையிலும் பூக் கடையிலும் அதே பை தொங்கிக்கொண்டிருக்கிறது. ஒன்றையொன்று புண்படுத்தாமல் இரண்டையும் வாழவைக்கும் நாகரிகம் நமக்கு உண்டு.

உலக அளவிலும் இதே நிதானம்தான். 1950 முதல் 2015 வரை செய்த பிளாஸ்டிக் ஏறக்குறைய 830 கோடி டன் என்றும், குப்பையானதில் மறுசுழற்சிக்குப் போனது 9 விழுக்காடுதான் என்றும் 2017-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. 2022 மார்ச்சில் நைரோபியில் உலக நாடுகள் கூடி, 2024 முடிவதற்குள் ஒப்பந்தம் எழுதுவோம் என்று தீர்மானித்தன. 2024 டிசம்பரில் புசான் கூட்டம் உடன்பாடு இல்லாமல் கலைந்தது. 2025 ஆகஸ்டில் ஜெனிவா கூட்டமும் அப்படியே கலைந்தது. குப்பையைக் கையாள்வது பற்றிப் பேச எல்லோரும் தயார். உற்பத்திக்கு உச்சவரம்பு என்றதும் எண்ணெய் விற்கும் நாடுகள் அந்தச் சொற்களை அடைப்புக்குறிக்குள்ளேயே பத்திரமாக நிறுத்திவிட்டன. மாங்காய்க்கு நான்கு நாள் தர மனம் வராத உலகம், பாலிஎத்திலீனுக்கு மட்டும் ஆண்டுக்கணக்கில் அவகாசம் தருகிறது. பொறுமை எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்று இவ்வளவு தெளிவாகப் பிரித்தறியும் விவேகம் எளிதில் வராது.

கடைசியாக, இனிப்பு. எத்திலீன் ஆக்சைடோடு தண்ணீர் சேர்த்தால் எத்திலீன் கிளைக்கால். கூடவே டைஎத்திலீன் கிளைக்கால். பிரேக் எண்ணெய், பிசின், சாயம் என்று அதற்குப் பல உபயோகம். நிறமில்லை, வாடையில்லை, பாகு போலக் கெட்டியாக இருக்கும். இனிக்கும். இருமல் மருந்தில் சேர்க்க வேண்டிய கிளிசரினும் புரொப்பிலீன் கிளைக்காலும் பார்ப்பதற்கு இப்படித்தான் இருக்கும். ஆனால் விலை கூடுதல். குழந்தை முகம் சுளிக்காமல் குடிக்கும் மருந்தைச் செய்வது ஒரு கலை. டைஎத்திலீன் கிளைக்கால் அந்தக் கலையில் ஒருநாளும் குறை வைத்ததில்லை. குடித்த குழந்தைக்கு வாந்தி வரும், சிறுநீர் நின்றுபோகும், சிறுநீரகம் செயலிழக்கும்.

1937-இல் அமெரிக்காவில் இதைக் கரைப்பானாக வைத்துச் செய்த ஒரு மருந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. விற்கும் முன் நச்சுத்தன்மையைச் சோதிக்க வேண்டும் என்று அப்போது சட்டமே இல்லை. கம்பெனிமேல் வழக்கு போட முடிந்தது, மருந்தின் பெயர் பொருந்தவில்லை என்ற குற்றத்துக்காக மட்டும்தான். அடுத்த ஆண்டே புதுச் சட்டம் வந்தது. நம்மிடம் பாடம் படிக்கும் முறை வேறு. ஒரே பாடத்தைச் சலிக்காமல் திரும்பத் திரும்பப் படிப்போம். 1972-இல் சென்னையில் குழந்தைகள் இறந்தார்கள். 1986-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் கிளிசரினில் இது கலந்து 14 பேர். 1998-இல் குர்கானில் 33 குழந்தைகள். 2019-20 குளிர்காலத்தில் ஜம்முவின் ராம்நகரில். 2022-இல் காம்பியாவிலும் உஸ்பெகிஸ்தானிலும் குழந்தைகள் இறந்தபின் இந்தியாவில் தயாரான மருந்துகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள். பெரும்பாலோர் ஐந்து வயதுகூட நிரம்பாதவர்கள். அவர்கள் குடித்த சிரப் தயாரானது காஞ்சிபுரம் மாவட்டத்தில்.

மருந்தில் இது இருக்கலாம் என்று அனுமதிக்கும் அளவு 0.1 விழுக்காடு. அந்தப் புட்டியில் இருந்தது 48.6. தவறிக் கலந்த துளி என்று யாரும் குறை சொல்ல முடியாதபடி பாதிப் புட்டி. விலை மலிவு, இனிப்பு முழுசு, பாகு பதம் சரி, மூடி இறுக்கம், லேபிள் நேர். தகவல் வந்ததும் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆலைக்குப் போய் மாதிரி எடுத்து, அரசு ஆய்வகத்தில் கொடுத்து, ஓரிரு நாளில் முடிவை வாங்கிவிட்டது. கரைப்பான் டிரம் ஆலை வாசலில் வந்து இறங்கிய அன்றே இந்தச் சோதனையைச் செய்திருந்தாலும் அதே ஓரிரு நாள்தான் ஆகியிருக்கும்.